கடைசிக் கட்டத்தில் ஒரு ராக் குழு



ஒரு ராக் குழு எப்படிப்பட்டது என்று எடைபோட வேண்டுமானால் அதன் உலகச் சுற்றுப்பயணத்தின் முதல் நிகழ்ச்சிக்குப் போகக் கூடாது, கடைசிக் கட்டத்தைத் தொடர வேண்டும் என்பது என் கட்சி. முதல் நாளில் எல்லோரும் உஷாராக இருப்பார்கள். பத்திரிகைக்காரர்கள் வந்திருப்பார்கள். ஒத்திகையின் சூடு இன்னும் ஆறியிருக்காது. கடைசிக் கட்டத்தில் அந்தப் பரபரப்பு கிடையாது. பாட்டு கையில் படிந்திருக்கும், அலுப்பும் தட்டியிருக்கும். அந்த அலுப்பை ஒரு குழு எப்படிச் சமாளிக்கிறது என்பதில்தான் அதன் தரம் தெரியும்.

இதற்கு நான் எடுத்துக்கொள்வது அயர்லாந்தின் யூ டூ குழு. 2019ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் தேதி நியூசிலாந்தின் ஆக்லாந்தில் தொடங்கி, டிசம்பர் 15ஆம் தேதி நவி மும்பையில் முடிந்த அவர்களுடைய பயணம். பிரிஸ்பேன், மெல்போர்ன், அடிலெய்ட், சிட்னி, பெர்த் என்று ஆஸ்திரேலியாவைச் சுற்றிவிட்டு, சிங்கப்பூர், டோக்கியோவை ஒட்டிய சைத்தாமா, சியோல், மணிலா, கடைசியில் மும்பை. மொத்தம் 15 நிகழ்ச்சிகள். சிங்கப்பூர், சியோல், மணிலா, மும்பை ஆகிய நான்கு ஊர்களிலும் அவர்கள் கச்சேரி செய்தது அதுவே முதல் முறை. குழு தொடங்கியதோ 1976இல். டப்ளினில் மவுண்ட் டெம்பிள் பள்ளிக்கூடத்து அறிவிப்புப் பலகையில், டிரம்ஸ் வாசிக்கும் மாணவன் லாரி மல்லன் ஒரு சீட்டை ஒட்டப்போய் சேர்ந்த கூட்டம் அது. பாடகர் போனோ, கிடார் எட்ஜ், பேஸ் கிடார் ஆடம் கிளேட்டன், லாரி. அந்த நால்வரே இந்தப் பயணத்திலும்.

பயணத்தின் அடிப்படை ஒரே ஒரு ஆல்பம்: 1987 மார்ச்சில் வந்த 'தி ஜோஷுவா ட்ரீ'. அதன் 30ஆம் ஆண்டை ஒட்டி 2017இல் வான்கூவரில் ஆரம்பித்து அமெரிக்கா, ஐரோப்பா, தென் அமெரிக்கா என்று போய் சாவோ பாலோவில் முடித்தார்கள். இரண்டு வருடம் கழித்து, போகாமல் விட்ட பக்கத்துக்கு அதே நிகழ்ச்சியைக் கொண்டுபோனார்கள். பழைய ஆல்பத்தின் நினைவு விழா, அந்த விழாவின் மறுபதிப்பு. காசு பண்ணுகிற வேலை என்று சிலர் சொன்னார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. டிக்கெட் விலையைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். ஆனால் மறுபதிப்பு என்பதாலேயே ஒரு கலை நிகழ்ச்சி மட்டமாகிவிடாது. அப்படியானால் நம்முடைய கூத்தும் நாடகமும் என்றைக்கோ செத்திருக்க வேண்டும்.

நிகழ்ச்சியின் அமைப்பைச் சொல்கிறேன். மேடைக்குப் பின்னால் 200 அடி அகலம், 45 அடி உயரத்தில் ஒரு திரை. அது அணைந்திருக்கும்போதும் அதில் வரைந்த ஜோஷுவா மரம் தெரியும். அந்த மரத்தின் நிழல் கூட்டத்துக்குள் விழுந்தால் எப்படி இருக்குமோ அந்த வடிவத்தில் ஒரு சின்ன மேடை முன்னால் நீண்டிருக்கும். லாரி மல்லன் தனியாக நடந்து வந்து அந்தச் சின்ன மேடையில் உட்கார்ந்து டிரம்ஸை ஆரம்பிப்பார். மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்வார்கள். முதல் சில பாட்டுகளுக்குத் திரை பேசாது. அவ்வளவு பெரிய திரையை வைத்துக்கொண்டு அதை இருட்டாக விடுவதற்கு நெஞ்சுரம் வேண்டும். 1980களின் தொடக்கத்திலிருந்து இவர்களுக்கு மேடை அமைத்துத் தருகிற வில்லி வில்லியம்ஸுக்கு அது உண்டு.

பிறகு நால்வரும் பெரிய மேடைக்குத் திரும்ப, திரை முழுக்கச் சிவக்கும்; அதன் முன்னால் நான்கு கறுப்பு உருவங்கள். ஆல்பத்தின் முதல் பாட்டு தொடங்கும். சிவப்பு விலகி, பாலைவனத்துத் தார்ச்சாலை ஒன்று நம்மை நோக்கி வரும். ஆண்டன் கோர்பைன் எடுத்த படம். 1986 டிசம்பரில் மொஹாவி பாலைவனத்தில் ஆல்பத்துக்கான புகைப்படங்களை எடுத்தவரும் இவரே. இதில் ஒரு வேடிக்கை. ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவில்தான் புகைப்படத்தில் உள்ள மரம் இருக்கிறது என்று நம்பி அங்கே போய்த் தேடுகிற ரசிகர்கள் ஏராளம். மரம் இருந்தது டார்வின் என்ற குக்கிராமத்துக்குப் பக்கத்தில், பல மணி நேரப் பயணத் தொலைவில். அதுவும் 2000 வாக்கில் விழுந்துவிட்டது.

அந்த முதல் பாட்டை மட்டும் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். எட்ஜின் கிடார் மூன்றின் மடங்கான நடையில் தொடங்கும். டிரம்ஸும் பேஸும் வந்து சேரும்போது நான்கின் நடைக்கு மாறும். அவர் மீட்டுகிற ஒவ்வொரு ஸ்வரத்தையும் எதிரொலிக் கருவி ஒரு குறிப்பிட்ட இடைவெளியில் திருப்பிச் சொல்லும். நாம் கேட்பதில் பாதி கை மீட்டியது, பாதி எதிரொலி. இரண்டும் பின்னிக்கொண்டால்தான் பாட்டு. டிரம்ஸ் ஒரு இழை முந்தினாலும் பிந்தினாலும் பின்னல் அவிழ்ந்துவிடும். 1986இல் இதைப் பதிவு செய்யப் பட்ட பாட்டைப் பார்த்து வெறுத்துப்போன தயாரிப்பாளர் பிரையன் ஈனோ, பேசாமல் நாடாவையே அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கலாம் என்று கிளம்பிய கதை பிரசித்தம். அப்பேர்ப்பட்ட பாட்டை, முப்பது வருடத்துக்குப் பிறகு, ஊர் ஊராக, காற்றடிக்கும் திறந்தவெளியிலும் கூரை போட்ட பேஸ்பால் அரங்கிலும் பிசகாமல் வாசித்தார்கள். சியோலிலும் மணிலாவிலும் அரங்குகள் மூடியவை. எதிரொலிக் கிடாரோடு கட்டடத்தின் எதிரொலியும் சேர்ந்துகொள்ளும். பதிவுகளை அடுத்தடுத்துக் கேட்டால் லாரியின் கை எத்தனை உறுதி என்பது புரியும். போனோவின் பெயரைச் சொல்கிறவர்கள் லாரியின் பெயரைச் சொல்வதில்லை. எனக்கு அதில் எப்போதுமே ஒரு வருத்தம்.

இத்தனை பெரிய திரையோடு ஒட்டி ஓடுகிற நிகழ்ச்சியில் கற்பனைக்கு இடம் குறைவு. கர்நாடகக் கச்சேரி கேட்டுப் பழகிய காதுக்கு இது உறுத்தும். பாடகருக்கு அன்றைக்குத் தோன்றியது என்று ஒரு நிரவலோ ஸ்வரமோ வராது. ஆல்பத்தின் பதினொரு பாட்டும் அதே வரிசையில்தான் வரும். அதுவே நிகழ்ச்சியின் பலவீனமும்கூட. உலகத்துக்கே மனப்பாடமான மூன்று பாட்டுகள் ஆல்பத்தின் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். அதற்குப் பிறகு கூட்டம் தளரும். 'ரெட் ஹில் மைனிங் டவுன்' பிரிட்டனின் 1984-85 நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தைப் பற்றிய பாட்டு. 2017க்கு முன்னால் அதை மேடையில் அவர்கள் வாசித்ததே இல்லை. அதற்குப் பிறகு வருகிற இரண்டு பாட்டுகளில் மைதானத்தின் பாதி செல்போனுக்குத் திரும்பிவிடும். தண்ணீர் வாங்கப் போகிற நேரம் அதுதான்.

இருந்தும், வரிசையை மாற்றாமல் வைத்த பிடிவாதத்துக்குப் பலன் கிடைத்த இடமும் ஆல்பத்தின் இதே இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. 'ஒன் ட்ரீ ஹில்' என்ற பாட்டு. 1984இல் ஆக்லாந்துக்குப் போனபோது கிரெக் கேரல் என்ற மவோரி இளைஞர் இவர்களிடம் மேடை வேலைக்குச் சேர்ந்தார். கெட்டிக்காரர். குழுவோடு டப்ளினுக்கே போய்விட்டார். 1986 ஜூலையில் போனோவின் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவர் டப்ளின் சாலையில் விபத்தில் இறந்தார். உடலை நியூசிலாந்துக்குக் கொண்டுபோய் மவோரி முறைப்படி நடந்த இறுதிச் சடங்கில் போனோவும் லாரியும் கலந்துகொண்டார்கள். அந்தத் துக்கத்தில் பிறந்தது இந்தப் பாட்டு. ஆல்பமே கிரெக் கேரலுக்குச் சமர்ப்பணம். பாட்டின் பெயருக்குரிய குன்று ஆக்லாந்து நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. மவோரி மக்கள் அதை மௌங்ககியேகியே என்பார்கள். உச்சியில் நின்ற அந்த ஒற்றை மரத்தையும் 2000இல் வெட்டி எடுத்துவிட்டார்கள்.

2019இன் கடைசிக் கட்டம் தொடங்கிய மவுண்ட் ஸ்மார்ட் மைதானம் அந்தக் குன்றுக்குச் சில கிலோமீட்டர் தொலைவில்தான். வேறு ஊர்களில் தண்ணீர் வாங்கப் போகிற நேரத்தை ஒட்டி வருகிற பாட்டு, இங்கே நிகழ்ச்சியின் உச்சம். ஸ்வரம் மாறவில்லை, வேகம் மாறவில்லை. நிற்கிற மண் மாறியதுதான் வித்தியாசம். ஒரே நிகழ்ச்சியைப் பல ஊர்களில் பின்தொடர்கிறவர்களுக்குக் கிடைக்கிற வெகுமதி இந்த மாதிரியான வித்தியாசங்கள். ஒரு ஊரில் மட்டும் பார்த்துவிட்டு வந்தால் இது தட்டுப்படாது.

பின்தொடர்கிறவர்கள் என்றேன். அவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். யூ டூவின் நிகழ்ச்சிகளில் தரையில் நின்று பார்க்கிற பகுதி உண்டு. அங்கே முன்வரிசைக் கம்பியைப் பிடிக்க ரசிகர்கள் முந்தின நாளே வந்துவிடுவார்கள். முதலில் வருகிறவர் ஒரு நோட்டைத் திறப்பார். அடுத்தடுத்து வருகிறவர்களின் பெயரை எழுதிக்கொண்டு, கையில் மார்க்கர் பேனாவால் ஒரு எண் போட்டு அனுப்புவார். குறித்த நேரங்களில் ஆஜர் எடுப்பார்கள். கூப்பிடும்போது இல்லாதவர் பெயர் அடிபடும். இதற்கு யாரும் அதிகாரம் கொடுக்கவில்லை. மைதானத்துக்காரர்கள் ஒத்துக்கொள்ளாமல் வேறு வரிசை போடுவதும் உண்டு. அப்படியும் ஊருக்கு ஊர் இந்த வழக்கம் கூடவே போகும். மொழி தெரியாத நாட்டில், முன்பின் அறியாதவர்கள், கையில் எழுதிய எண்ணுக்குக் கட்டுப்பட்டு வெயிலில் உட்கார்ந்திருப்பார்கள். எந்தப் பாட்டு புதிதாகச் சேர்ந்தது, எது விழுந்தது, போனோ எந்த வரியை மறந்தார் என்பதையெல்லாம் எழுதிவைப்பவர்களும் இவர்களே. நம் சபாக்களில் கேன்டீனுக்கு முன்னால் நடக்கிற விவாதத்துக்கு இவர்கள் சளைத்தவர்கள் இல்லை.

சோர்வைப் பற்றி ஒரு வார்த்தை. கடைசிக் கட்டம் என்றாலே உடம்பும் மனசும் ஓய்ந்துபோகிற கட்டம். இதே குழு 1993 நவம்பரில், ஜூ டிவி பயணத்தின் கடைசிக் கட்டத்தில் சிட்னியில் இருந்தது. 26ஆம் தேதி ஆடம் கிளேட்டன் குடித்துவிட்டு மேடைக்கே வர முடியாத நிலையில் கிடந்தார். அவருடைய கிடார்களைப் பராமரிக்கிற ஸ்டூவர்ட் மோர்கன்தான் அன்று பேஸ் வாசித்தார். மறுநாள் நிகழ்ச்சி உலகத் தொலைக்காட்சிக்கான ஒளிப்பதிவு. ஆடம் வந்து வாசித்தார். பிற்பாடு குடியையே விட்டார். 26 வருடம் கழித்து அதே நவம்பரில், அதே சிட்னியில் இரண்டு நாளும் அதே ஆடம் நிதானமாக நின்று வாசித்ததைக் கேட்கும்போது, வயதாவதில் சில நன்மைகளும் உண்டு என்று தோன்றுகிறது. போனோவுக்கு அப்போது 59 வயது. பழைய உச்சஸ்தாயி அவருக்கு எல்லா நாளும் எட்டவில்லை. எட்டாத இடத்தில் கூட்டத்தைப் பாடவிட்டு நகர்ந்துவிடுகிற சாமர்த்தியம் எட்டியிருந்தது.

கடைசி நிகழ்ச்சி நடந்தது நவி மும்பையின் நெருல் பகுதியில் உள்ள டி. ஒய். பாட்டீல் மைதானத்தில். இங்கேதான் நமக்கு நேரான தொடர்பு வருகிறது. அதற்கு மூன்று வாரம் முன்பு, ஏ. ஆர். ரஹ்மானோடு சேர்ந்து யூ டூ 'அஹிம்சா' என்ற பாட்டை வெளியிட்டிருந்தது. அதில் திருக்குறள் அடிகள் தமிழிலேயே ஒலிக்கின்றன. காந்தி பிறந்து 150 ஆண்டு நிறைந்த சமயம் அது. மும்பை மேடையில் ரஹ்மான் தன் மகள்கள் கதீஜா, ரஹீமாவோடு வந்து அதைப் பாடினார். ஐரிஷ்காரர்களின் ராக் மேடையில் வள்ளுவர் வாக்கு ஒலித்தது என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம்; நானும் பெருமைப்பட்டேன். ஆனால் விமரிசகனாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். பாட்டாக அது ரஹ்மானின் சிறந்த வேலைகளில் ஒன்றில்லை, யூ டூவின் சிறந்த வேலைகளிலும் ஒன்றில்லை. இரண்டு பக்கமும் மரியாதை காட்டிக்கொண்டே இருந்ததால் இரண்டு பக்கமும் முழுசாக இறங்கவில்லை. அன்றைக்கு மனதில் நின்றது வழக்கமான நிகழ்ச்சிதான். அந்தப் பாட்டுகளைப் பல வருடமாக ஒலிநாடாவிலும் குறுந்தகட்டிலும் மட்டுமே கேட்டிருந்த கூட்டம், தளர்கிற இடம் என்று நான் சொன்ன அந்த இரண்டாம் பக்கத்தையும் விடாமல் சேர்ந்து பாடியது.

மொத்தத்தில் என் தீர்ப்பு: புதுமைக்கு இதில் மதிப்பெண் குறைவு, கைத்திறனுக்கு நிறைய. எழுதிவைத்த நிகழ்ச்சியை எழுதிவைத்தபடியே செய்தார்கள். ஆக்லாந்திலும் மும்பையிலும் ஊரே அதை வேறாக்கியது.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லி முடிக்கிறேன். 2023 செப்டம்பரில் லாஸ் வேகாஸில் ஸ்ஃபியர் என்ற உருண்டை அரங்கத்தை யூ டூதான் திறந்து வைத்தது. அடுத்த ஆண்டு மார்ச் வரை அங்கே 40 நிகழ்ச்சிகள். அவற்றில் லாரி மல்லன் இல்லை; அறுவைசிகிச்சை காரணமாக அவருக்குப் பதில் பிராம் வான் டென் பெர்க் வாசித்தார். ஆக, ஸ்ஃபியருக்கு முன்னால் நால்வரும் சேர்ந்து போன கடைசிப் பயணம் மும்பையில் முடிந்த அதுதான். நேயர்களுக்கு வசதிப்பட்டால் 'ஜோஷுவா ட்ரீ'யை ஒருமுறை வரிசை மாற்றாமல் கேளுங்கள். மூன்றாவது பாட்டோடு நிறுத்திவிடாமல், 'ஒன் ட்ரீ ஹில்' வரைக்குமாவது பொறுமையாக இருங்கள். டிரம்ஸைக் கவனியுங்கள்.