திட்டம் காகிதத்தில் இருக்கும்போதே கேட்கவேண்டும்

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



அரசு ஒரு திட்டத்தை வகுக்கும்போது ஊராட்சியையும் நகராட்சியையும் கலந்துகொள்வது சலுகையா, கடமையா என்று சென்ற முகாமில் ஓர் அன்பர் வினவினார். விடை கூறுமுன் எங்கள் ஊரில் நிகழ்ந்ததொன்றைச் சொல்லிவிடுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊருக்குச் சாலை வந்தது. அதற்கு மனுச் செய்தவர்கள் நாங்களேதாம். ஏரியின் வரத்து வாய்க்கால் சாலையைக் கடக்குமிடத்தில் ஒரே குழாய் வைத்துச் சிறுபாலம் கட்டினார்கள். கோடையில் வந்து அளந்தவர்களுக்கு அது வறண்ட பள்ளமாகவே தோன்றியது. ஐப்பசியில் அங்கே இடுப்பளவு நீர் ஓடுமென்பது மாடு மேய்க்கும் சிறுவனுக்கும் தெரியும். அவனையும் கேட்கவில்லை, எங்களையும் கேட்கவில்லை. அவ்வாண்டு மழையில் சாலையின் மேற்புறம் நீர் தேங்கி நடவுப் பயிர் அழுகிற்று. கீழ்ப்புறத்து ஏரியோ பாதிகூட நிரம்பவில்லை. பிறகு கொடுத்த மனுக்களுக்கெல்லாம், வேலை முடிந்து கணக்கும் தீர்ந்துவிட்டது என்றே பதில் வந்தது. குற்றம் அவர்களுடையது மட்டுமன்று. வெள்ள மட்டத்தைக் குறித்த ஏடு ஒன்றும் எங்கள் ஊராட்சியிலும் இல்லை.

இனி அன்பரின் வினாவுக்கு வருவோம். 1993-இல் நடைமுறைக்கு வந்த 73, 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தங்களுள் மாவட்டத் திட்டக் குழுவைப் பற்றிய விதி ஒன்று உண்டு. ஊராட்சிகளும் நகராட்சிகளும் தயாரிக்கும் திட்டங்களை ஒன்றுசேர்த்து, மாவட்டம் முழுமைக்கும் வரைவுத் திட்டம் அமைத்து மாநில அரசுக்கு அனுப்புவது அக்குழுவின் பணி. அதன் உறுப்பினருள் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாதோர், மாவட்ட ஊராட்சியிலும் நகராட்சிகளிலும் உள்ள மக்கள் பிரதிநிதிகள் தம்முள் தேர்ந்தெடுத்தவராக இருத்தல் வேண்டும். ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் பொதுவான காரியங்களைக் கருதும்போது நீர்ப் பங்கீட்டையும் கருதவேண்டும் என்று அவ்விதியே கூறுகிறது. 2013-ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டமும், நிலம் எடுக்கக் கருதும் அரசு முதலில் ஊராட்சியையோ நகராட்சியையோ கலந்தாலோசிக்க வேண்டும் என்கிறது; அதற்கு விலக்குகளும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆகவே இது சலுகையன்று.

ஐரோப்பிய நாடுகள் 1985-இல் செய்துகொண்ட தல சுயாட்சிச் சாசனம், தல மன்றங்களை நேரடியாகப் பாதிக்கும் காரியங்களில் இயன்றவரை உரிய காலத்திலே அவற்றைக் கலந்துகொள்ளுமாறு விதிக்கிறது. உரிய காலம் என்பதே உயிர்நாடி. கூட்டத்துக்கு முதல் நாள் கடிதம் அனுப்பிக் கையொப்பம் மட்டும் பெற்றுச் செல்வதைக் கலந்தாலோசனை என்று நான் ஒப்பமாட்டேன்.

ஆயினும் கேட்கும்போது சொல்வதற்கு நம்மிடம் ஏதேனும் இருக்கவேண்டுமல்லவா? பாலத்தில் பட்ட அடிக்குப் பிறகு நாங்கள் ஓர் ஏடு தொடங்கினோம். வாய்க்காலின் புல எண், அகலம், ஒவ்வொரு மழைக்கும் நீர் ஏறிய மட்டம், தேதி, பயன்பெறும் ஆயக்கட்டு ஆகியவற்றை எழுதி, கிராம சபையில் படித்துத் தீர்மானத்தோடு சேர்த்தோம். தமிழ்நாட்டில் 2022 முதல் மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்றும் கிராம சபை கூட்ட ஏற்பாடாயிற்று. இத்தகைய ஏட்டைப் படிக்க அது தக்க நாள்.

பின்னர் அதே சாலையை அகலப்படுத்த அளக்க வந்தார்கள். வரைபடம் முடியுமுன்பே ஏட்டைக் காட்டினோம். பொறியாளர் அமர்ந்து பொறுமையாகப் படித்தார். பெருமழை பெய்த ஆண்டுகளை மட்டும் தனியே எழுதித் தரச் சொன்னார். இப்போது அங்கே மூன்று கண் பாலம் நிற்கிறது.

உங்கள் ஊர்களில் இவ்வாறு வாய்க்காலை மறித்த வேலைகள் இருப்பின், இடத்தையும் புல எண்ணையும் இப்போதே சொல்லுங்கள், குறித்துக்கொள்கிறேன்.