நம் ஊர்ப் பெயரில் ஓர் ஆடை வரிசை

(திருப்பூர் மாவட்டத்து ஊராட்சி ஒன்றியம் ஒன்றில், ஊராட்சிப் பெரியோர்களும் விவசாயிகளும் மகளிர் குழுவினரும் கூடியிருந்த கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



கிணறு, சாலை, தெருவிளக்கு என்று பேச வேண்டிய இவ்விடத்தில் நவநாகரிக உடையைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே இந்த அதிகாரி என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணுவது நியாயமே. சென்ற ஆண்டு பருத்தி விவசாயி ஒருவர் தம் மகளையும் அழைத்துக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்திராவிட்டால், நானும் இப்பொருளைப் பற்றிச் சிந்தித்திருக்க மாட்டேன்.

அப்பெண் பின்னலாடை வடிவமைப்பைப் படித்துப் பட்டம் பெற்றவள். மூன்று ஆண்டு ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்துவிட்டுத் தன் கற்பனையில் பன்னிரண்டு வகை ஆடைகளை உருவாக்கி, தன் பெயரிலேயே வெளியிட்டாள். நகரில் மண்டபம் பிடித்தார்கள். மேடை, விளக்கு, புகைப்படக்காரர் எல்லாம் ஏற்பாடாயின. தாயாரின் நகை அடகுக்குப் போயிற்று. வந்தவர்கள் பாராட்டினார்கள்; வாங்கியவர்கள் சிலரே. ஒரு மாதம் கழிவதற்குள் அவளுடைய சட்டைகளில் மூன்றை அப்படியே நகல் செய்து, மட்டமான துணியில் பாதி விலைக்கு யாரோ ஒரு வியாபாரி சந்தைக்கு அனுப்பிவிட்டார். “ஐயா, மறுபடியும் செய்ய வேண்டும் என்கிறாள்; ஒன்றியத்தில் இதற்குக் கடன் உண்டா?” என்று தகப்பனார் கேட்டார். கடனைப் பற்றிப் பிறகு பேசலாம், முதலில் நடந்ததைப் பார்ப்போம் என்றேன். அன்று பேசியவற்றையே இன்று உங்களுக்கும் சொல்கிறேன். ஏனெனில் ஊருக்கு ஒருவராவது இப்படிப் படித்த பிள்ளைகள் இப்போது இருக்கிறார்கள்.

விவசாயிகளுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். ஒரு குவிண்டால் பருத்தியை அரைத்தால் 33 முதல் 35 கிலோ வரை பஞ்சு கிடைக்கும். நூற்பிலும் பின்னலிலும் வெட்டிலும் போகும் கழிவைக் கழித்தாலும், அதிலிருந்து ஏறக்குறைய நூறு டி-ஷர்ட்டுகள் செய்யலாம். நூறு டி-ஷர்ட்டுகளின் கடை விலையையும், ஒரு குவிண்டாலுக்கு நீங்கள் வாங்கிய விலையையும் வீட்டுக்குப் போய் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். நடுவில் இருக்கும் தொகை முழுவதும் இலாபமன்று. நூற்போர், பின்னுவோர், சாயமிடுவோர், தைப்போர் கூலியெல்லாம் அதில் அடங்கும். ஆயினும் அதில் ஒரு பெரும்பகுதி, ஆடையின் கழுத்தில் தைக்கப்பட்ட அந்தச் சிறிய பெயர்த் துண்டுக்குப் போகிறது. 1978இல் இத்தாலி நாட்டு இறக்குமதியாளர் ஒருவர் திருப்பூருக்கு வந்த பின்னரே இங்கிருந்து ஐரோப்பாவுக்கு நேரடி ஏற்றுமதி பெருகியது. அன்று முதல் அப்பெயர்த் துண்டைப் பெரும்பாலும் பிறருக்காகவே தைத்து வருகிறோம். அதனால் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பிழைக்கின்றன. அதைக் குறை கூறுவது நன்றியாகாது. நம் பிள்ளைகளில் சிலர் தம் பெயரையும் தைத்துப் பார்க்கட்டுமே என்பதுதான் என் கட்சி.

இது நடக்கக்கூடியதா என்று கேட்பவர்களுக்குப் பொள்ளாச்சியைக் காட்டுகிறேன். பருத்தி அரவைத் தொழிலில் இருந்த அப்பாச்சி நிறுவனத்தைச் சேர்ந்த மணி சின்னசாமியும், அவர் துணைவியார் விஜயலட்சுமி நாச்சியாரும் 2009இல் ‘எத்திகஸ்’ என்ற பெயரில் கைத்தறிச் சேலைகளையும் ஆடைகளையும் வெளியிட்டார்கள். வடிவமைப்பு அம்மையாருடையது, பருத்தி, விவசாயிகளிடமிருந்து நேரே பெறப்பட்ட இயற்கை வேளாண் பருத்தி. அவர்கள் செய்த விளம்பரம் மிக எளியது. சேலையோடு ஒரு சீட்டு இணைத்து, அதை நெய்தவரின் பெயரையும் படத்தையும், நெய்ய எத்தனை நாள் ஆயிற்று என்பதையும் அதில் அச்சிட்டார்கள். வாங்குகிறவர் கையில் துணியோடு ஒரு மனிதரும் வந்து சேர்ந்தார். பெரிய நடிகர் படம் போட்டாலும் இந்த நம்பிக்கை வருமா என்று எனக்குச் சந்தேகமே.

சொல்வதற்கு நம்மிடமும் செய்தி உண்டு. சுஜாதா என்ற இரகத்தையும் செயின்ட் வின்சென்ட் என்ற மேற்கிந்தியத் தீவு இரகத்தையும் கலந்து, கோயம்புத்தூர் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கி 1974இல் வெளியிடப்பட்ட சுவின் பருத்தி, உலகின் மிக நீண்ட, மிக மெல்லிய இழைகளுள் ஒன்றைத் தருவது. அதன் பெயர் தெரிந்த வெளிநாட்டார் உண்டு. தெரியாத கொங்கு நாட்டார் பலர்.

சுதந்திரப் போராட்டக் காலத்தில் கதரை எப்படி விற்றார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். திருப்பூர் அன்று கதர் உற்பத்தியின் பெரிய நிலையம். தொண்டர்கள் மூட்டையைத் தோளில் சுமந்து தெருத்தெருவாகப் போய், இன்ன ஊரில் நூற்றது என்று சொல்லி விற்றார்கள். இன்று மூட்டைக்குப் பதில் கைப்பேசி வந்திருக்கிறது. இன்ஸ்டகிராமில் படம் போட மண்டப வாடகை தேவையில்லை. காலை வெயிலில், நம் வயல் வரப்பில் எடுத்த படமே போதும். அளவையும் துணியின் தன்மையையும் ஒளிக்காமல் எழுத வேண்டும். அளவு பிசகித் திரும்பி வரும் ஒவ்வோர் ஆடையும் இரட்டைச் செலவு.

இனி, அப்பெண் தவறிய இடம். நம் நாட்டில் 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டப்படி ஆடையின் உருவத்தையும் கோலத்தையும் பதிவு செய்து 10 ஆண்டும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டும் காத்துக்கொள்ளலாம். ஆனால் பொதுமக்களுக்குக் காட்டுவதற்கு முன்பே விண்ணப்பித்தாக வேண்டும். காட்டிவிட்டால் அது புதியதன்று என்றாகிவிடும். பதிவு செய்யத்தக்க வடிவத்தைப் பதியாமல் ஐம்பது உருப்படிகளுக்கு மேல் தொழில்முறையில் செய்துவிட்டால், பதிப்புரிமைச் சட்டமும் துணைக்கு வராது. அவள் செய்தவை அறுபது! மேடையில் விளக்கு எரிந்த அன்றே அந்த மூன்று சட்டைகளும் ஊர்ச் சொத்தாகிவிட்டன. படித்த பெண்ணுக்கு இதை யாரும் சொல்லவில்லையே என்று எனக்கு வருத்தம். எனக்கும் அன்றுவரை தெரியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாவது தவறு காலத்தைப் பற்றியது. தீபாவளிக்கு இருபது நாள் முன்பு வெளியீடு வைத்தால், கடைக்காரர் ஏற்கெனவே சரக்கெடுத்து முடித்திருப்பார். ஆடியிலேயே மாதிரி அவர் கைக்குப் போயிருக்க வேண்டும். விதைப்புக் காலம் தவறினால் விளைச்சல் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்?

மூன்றாவது, நிறம். ஒரு நிறத்துக்கு இத்தனை கிலோ துணியாவது வேண்டும் என்று சாயப்பட்டறைகள் கேட்பது வழக்கம். ஐந்து நிறம் கேட்டதில் அவள் பணம் துணியாக முடங்கியது. இம்முறை இரண்டே நிறம். மீதி சாயமிடாத பஞ்சு நிறம். நொய்யல் கரை விவசாயிகள் இதைக் கேட்டு மகிழ்வீர்கள். சாயக் கழிவால் நிலமும் கிணறும் கெட்டதும், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும் நீங்கள் மறந்திருக்க முடியாது. அதன் பின் கழிவை வெளியேற்றாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறைக்கு இத்தொழில் பெரும் பொருட்செலவில் மாறியது. ஆகவே “தூய ஆடை” என்று சீட்டில் அச்சிடுகிறவர், எந்தப் பட்டறையில் சாயமிட்டது என்று கேட்டால் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். பதில் இல்லையென்றால் அச்சொல்லை அச்சிடாதிருப்பதே நல்லது.

கடனைப் பற்றிக் கேட்ட தகப்பனாருக்கு நான் சொன்னது: நிலத்தின் பேரில் வாங்காதீர்கள். வகைக்கு எட்டு உருப்படி தைத்து, விற்ற பணத்தில் அடுத்ததைத் தைக்கட்டும். தையலுக்கு நம் மகளிர் குழுவினர் முன்வந்துள்ளனர்; பீஸ் கணக்கில் கூலியை முன்னதாகவே எழுதிக்கொண்டார்கள். குழு உற்பத்தி என்ற முறையில் மகளிர் மேம்பாட்டு நிறுவனத்தின் ‘மதி’ விற்பனை நிலையங்களுக்கும் மாதிரி அனுப்ப முயல்கிறோம்.

புதிய வடிவங்களுக்கான விண்ணப்பம் இரண்டு மாதத்துக்கு முன்பே போய்விட்டது. ஆகவே இனிக் காட்டத் தடையில்லை. வருகிற இரண்டாம் ஞாயிறன்று நம் சமுதாயக் கூடத்தில் ஆடைகளை வைக்கப் போகிறார்கள். மேடையும் விளக்கும் இல்லை; மறைப்புக் கட்டிய ஓர் அறையும் நிலைக்கண்ணாடியும் இருக்கும். உங்கள் வீட்டுப் பெண்களை அனுப்பி உடுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். தோளில் பிடிக்கிறதா, கை தூக்கினால் இழுக்கிறதா என்பதை முகத்துக்கு நேரே சொல்லட்டும். கூடத்தின் வாடகையைக் குறைப்பது ஊராட்சியின் முடிவு. அதற்கான விண்ணப்பத்தை அப்பெண் எழுதிக் கொண்டு வந்து, பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள்.