ஜெயித்தது மென்பொருளா, மெஷினா?

கையில் ஸ்மார்ட்போன் வெச்சிருக்கிற உங்களுக்கு ஒரு கேள்வி. இரண்டு செஸ் மென்பொருள்கள் மோதுகின்றன. ஒன்று சாதாரண கணினியில், மற்றொன்று பல மடங்கு வேகமான கணினியில். ஜெயித்தது மென்பொருளா, மெஷினா?

2017-இல் டீப்மைண்ட் நிறுவனத்தின் ஆல்பாஜீரோ, ஸ்டாக்ஃபிஷுடன் 100 ஆட்டங்கள் ஆடி 28 வெற்றி, 72 டிரா எடுத்தது. அது ஓடியது 4 சிறப்புச் சிப்களில். ஸ்டாக்ஃபிஷுக்குக் கொடுத்த ஹேஷ் நினைவகமோ வெறும் 1 ஜிபி. "இது நியாயமா?" என்று பலர் கேட்டார்கள். 2018-இல் வெளியான ஆய்வில் ஸ்டாக்ஃபிஷுக்கு 44 கோர், 32 ஜிபி கொடுத்து 1,000 ஆட்டங்கள் வைத்தார்கள். ஆல்பாஜீரோ 155 வென்று, 6 தோற்றது. கேள்வி கேட்டதால்தான் முடிவுக்கு மதிப்பு கூடியது.

சேவைச் செயலிகளும் அப்படித்தாங்க. 'முந்தியவருக்கே இடம்' என்றால், பழைய போன் வைத்திருப்பவர் வரிசையில் பின்தங்கிவிடுவார். ஆகவே செயலியை விலை குறைந்த போனிலும் சோதிக்க வேண்டும். வேகத்தைப் பார்க்காமல் தேவையைப் பார்த்து இடம் தர வேண்டும்.

நீங்களும் ஒன்று செய்யுங்கள். புகார் எழுதும்போது "ஆப் வேலை செய்யலை" என்பதோடு நிறுத்தாமல், போன் மாடல், ஆண்ட்ராய்டு பதிப்பு, மீதமுள்ள சேமிப்பிடம் மூன்றையும் குறிப்பிடுங்கள். கோளாறு எங்கே என்று அப்போதுதான் தெரியும்.