சவர்க்காரம் வாங்குவது யார்?

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



நூற்றாண்டு விழா மேடையில் கை கழுவுவதைப் பற்றியா பேசுவது என்று சிலர் நினைக்கக்கூடும். எங்கள் வயதினர் பொருளாதாரத் தடைக் காலத்தில் இக்கல்லூரியில் படித்தவர்கள். சவர்க்காரம் கிடையாத நாட்களில் பனம்பழம் பிசைந்து உடுப்புத் தோய்த்தோம். ஒரு சவர்க்காரக் கட்டியின் பெறுமதி எங்களுக்கு நன்றாகவே தெரியும்.

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவை உலகப் பெருந்தொற்று என அறிவித்தது. மார்ச் 13 முதல் எமது நாட்டுப் பாடசாலைகள் மூடப்பட்டன. யூலையில் படிப்படியாகத் திறந்தபோது, கை கழுவிய பின்பே வகுப்புக்குள் செல்லவேண்டும் என்பது எல்லோருக்கும் பொதுவான விதியாயிற்று. எமது கல்லூரிக்கு அது பெரிய சிரமமாக இருக்கவில்லை. பழைய மாணவிகளின் உதவியுடன் குழாய்கள் வரிசையாகப் பொருத்தப்பட்டன. தீவகத்திலும் வன்னியிலும் ஒரு கிணறும் இரண்டு வாளிகளும் மட்டுமே உள்ள சிறிய பாடசாலைகளுக்கும் அதே விதிதான்.

இது எமது பிரதேசத்தின் குறை மட்டுமல்ல. 2019 இல் உலகப் பாடசாலைகளில் 43 வீதமானவற்றில் தண்ணீரும் சவர்க்காரமும் சேர்ந்த கைகழுவும் வசதி இருக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் அறிக்கையிட்டன. அங்கு படித்த பிள்ளைகள் 818 மில்லியன்.

பெருந்தொற்று நாட்களில் பல இடங்களில் காலால் மிதிக்கும் கைகழுவும் தொட்டிகளை நலன்விரும்பிகள் அன்பளிப்புச் செய்தனர். நல்ல மனத்தோடு செய்த உதவி அது. ஆயினும் பின்னர் நாங்கள் சென்று பார்த்த சில பாடசாலைகளில் அன்பளித்தவர் பெயர்ப்பலகை பளபளப்பாக இருந்தது. தொட்டி காய்ந்து கிடந்தது. மிதிபலகை உடைந்தால் திருத்த ஆளில்லை. சவர்க்காரம் முடிந்தால் வாங்கப் பணமில்லை. 2022 இல் விலைகள் ஏறியபோது, வீட்டிலேயே சவர்க்காரத்தை எண்ணிப் பாவித்த பெற்றோரிடம் பாடசாலை எதைக் கேட்கும்?

ஒரு கணக்கைப் பார்ப்போம். 150 பிள்ளைகள், ஒரு குழாய், ஆளுக்கு அரை நிமிடம் என்றால் 75 நிமிடங்கள் செல்லும். இரண்டு பாடநேரம் போய்விடும். எந்த ஆசிரியரும் அதற்கு இடம் கொடுக்கமாட்டார். ஒரு பிவிசி குழாயில் பத்துத் துளைகள் இட்டு, தாங்கியிலிருந்து தண்ணீர் விட்டால், பத்துப் பத்துப் பேராக எட்டு நிமிடத்துக்குள் முடித்துவிடலாம். பிலிப்பைன்ஸ் நாட்டு ஆரம்பப் பாடசாலைகளில் இவ்வாறு கூட்டமாகக் கை கழுவுவதும் பல் துலக்குவதும் அன்றாட வேலைகளாகவே நடைபெறுகின்றன.

அடுத்தது சவர்க்காரம். கட்டியாக வைத்தால் மண்ணில் விழும், அல்லது காகம் தூக்கிக்கொண்டு போகும். தீவகத்து உவர் நீரில் நுரைப்பதும் குறைவு. ஒன்றரை லீற்றர் போத்தலில் ஏறத்தாழ 30 கிராம் சலவைத் தூளைக் கரைத்து, மூடியில் சிறு துளையிட்டு வைத்தால் செலவு குறைவு. கடின நீரிலும் நுரைக்கும். சானிட்டைசர் எல்லாவற்றுக்கும் ஈடாகாது. மண் படிந்த கையில் அது சரிவர வேலை செய்யாது. புழு முட்டைகளையும் அழிக்காது.

மூன்றாவது பழக்கம். பங்களாதேசத்தில் இரண்டு கிராமத்து ஆரம்பப் பாடசாலைகளில் ஆய்வாளர்கள் ஓர் எளிய வேலை செய்தார்கள். மலசலகூடத்திலிருந்து கைகழுவும் இடம்வரை நடைபாதை அமைத்து, அதில் காலடித் தடங்களையும், கைகழுவும் இடத்தில் கைத் தடங்களையும் வர்ணத்தால் வரைந்தார்கள். விரிவுரை எதுவும் நிகழ்த்தவில்லை. மலசலகூடம் சென்றபின் சவர்க்காரத்தால் கை கழுவிய பிள்ளைகள் 4 வீதத்திலிருந்து ஆறு வாரத்தில் 74 வீதமாயினர். குழாயும் சவர்க்காரமும் கண்ணில் படும் இடத்தில் இருந்தால், பிள்ளைகள் தாமாகவே செய்வார்கள்.

வைத்தியர் என்ற வகையில் ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். கொரோனா முக்கியமாகக் காற்றின் வழியே பரவும் நோய் என்பது பின்னர் தெளிவாயிற்று. அதற்கு யன்னல்களைத் திறந்து வைப்பதும் முகக்கவசமும்தான் பெரிய காவல். அதனால் கை கழுவியது வீண் என்று எவரும் எண்ணவேண்டாம். வயிற்றோட்டம், நெருப்புக் காய்ச்சல், ஈரல் அழற்சி ஏ, குடற்புழு ஆகியவை பெருந்தொற்றுக்கு முன்பும் இருந்தன, இன்றும் இருக்கின்றன. சவர்க்காரமிட்டுக் கை கழுவுவது பிள்ளைகளின் வயிற்றோட்டத்தை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைக்கின்றது. கொரோனா போனதும் தொட்டிகளைக் கைவிட்டதுதான் எமது கவலை.

பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் ஒரு படி முக்கியம். மாதவிடாய் நாட்களில் மலசலகூடத்தின் உள்ளேயே தண்ணீரும் சவர்க்காரமும் வேண்டும். பூட்டக்கூடிய கதவும் மூடியுள்ள வாளியும் வேண்டும். இவை இல்லாத இடத்தில் பிள்ளை காலை முதல் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறாள், அல்லது வீட்டில் நின்றுவிடுகிறாள். பெண் கல்விக்காகத் தொடங்கிய ஒரு கல்லூரியின் பிள்ளைகளாகிய நாம் இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது.

எனவே சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றோம். நூற்றாண்டு நினைவாகக் கட்டடங்கள் எழட்டும். அவற்றோடு ஒவ்வொரு ஆண்டுப் பிரிவினரும் ஒரு சிறிய பாடசாலையைத் தெரிந்து, ஐந்து ஆண்டுகளுக்கு அதன் சவர்க்காரத்தையும் குழாய்த் திருத்தச் செலவையும் பொறுப்பேற்போம். முதலில் அந்த அதிபரிடமும் அப்பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் என்ன தேவை என்று கேட்போம். தவணைக்கு ஒருமுறை நேரில் போய்ப் பார்ப்போம். பெயர்ப்பலகை வேண்டாம். தாங்கியில் தண்ணீர் இருந்தால் போதும்.

வெளிநாடுகளில் வாழும் எமது சகோதரிகளுக்கு இது பெரிய தொகையல்ல. இங்கிருப்பவர்களுக்கு மாதத்தில் ஓர் அரை நாள் வேலை. அடுத்த பெருந்தொற்று எப்போது வருமென்று எவருக்கும் தெரியாது. அது வரும்போது, எமது அயல் பாடசாலைப் பிள்ளைகளின் கைகள் பழகிய கைகளாக இருக்கவேண்டும்.