மூணாம் நாள் வீட்டுக்குப் போனேன்

எனக்கு மேடைப் பேச்சு வராது. பிரசவமான வீட்டில் பாயில் உட்கார்ந்து பேசத்தான் தெரியும்.

போன ஆடியில் நம்ம சிங்கவரத்தில் ஒரு தங்கச்சி. பிள்ளை பிறந்து மூணாம் நாள். மார்பு கல்லாட்டம் கட்டிக்கிச்சு, குழந்தை வீறிட்டு அழுவுது. "பாலே ஊறல, செஞ்சிக்குப் போய் டப்பாப் பால் வாங்கியாறேன்"னு மாமியார் பையை எடுத்துட்டாங்க. "அத்தை, அரை மணி நேரம் பொறுங்க"ன்னேன். வெதுவெதுப்பான துணி ஒத்தி, கையால கொஞ்சம் பீச்சினதும் இளகிச்சு. பிள்ளை வயிறு தாய் வயித்தோட ஒட்டுறாப்போல அணைச்சு, வாயை அகலத் திறந்ததும் காம்போட சுத்தியிருக்கிற கருப்பும் உள்ளே போறாப்போல வைக்கச் சொன்னேன். முழுங்குற சத்தம் கேட்டுச்சு. மாமியார் பையை ஆணியில் மாட்டிட்டாங்க.

"பால் பத்துதான்னு எப்படித் தெரியும்?" ஒரு வாரம் ஆனபிறகு நாளைக்கு 6 தடவைக்குக் குறையாமல் ஒண்ணுக்குப் போனால் பத்துது. செஞ்சி வெயிலுக்கும் 6 மாசம் வரை தண்ணி வேண்டாம், தாய்ப்பாலிலேயே தண்ணி இருக்கு.

என் மூத்தவளுக்குச் சீம்பாலைப் பீச்சிக் கீழே ஊத்தினவள் நான். சேனைத் தண்ணி வச்சாங்க, பார்த்துட்டிருந்தேன். ஒரு மாசத்தில் பால் வத்திடுச்சு. அப்போ என் வீட்டுக்கு யாரும் வரலை. அதான் 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாள்னு காலண்டரில் வட்டம் போட்டு வச்சுப் போறேன். நம்ம குழுவிலேயே ரெண்டு பேருக்கு இப்போ எட்டாம் மாசம். அவங்க வீட்டுக் காலண்டரிலும் நானே வட்டம் போடுறேன்.