விசாரணைக்கு முன்: ஒரு சங்கமும் அதன் உபகுழுக்களும்

குற்றஞ் சாட்டப்பட்ட ஏழை ஒருவன் நீதிபதியின் முன் நிறுத்தப்படுகிறான். அவன் குற்றவாளி என்று எவரும் இன்னும் தீர்ப்புக் கூறவில்லை. ஆயினும் பிணைப்பணம் கட்ட இயலாமையால் விளக்கமறியலுக்குச் செல்கிறான். வேலை பறிபோகிறது, வீட்டு வாடகை நிலுவையாகிறது. அதே குற்றஞ் சாட்டப்பட்ட செல்வனோ அன்று மாலையே வீடு திரும்புகிறான். இருவரையும் வேறுபடுத்தியது குற்றமன்று, பணமே.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இந்நிலையை மாற்றும் முயற்சியொன்று 1961ஆம் ஆண்டில், நியூயோர்க்கின் மான்ஹற்றன் பகுதியில் தொடங்கிற்று. வீரா நிறுவனத்தின் சார்பில் சட்ட மாணவர்கள் கைதானோரைக் கண்டு, வீடு உண்டா, தொழில் உண்டா, சுற்றம் உண்டா என வினவினர். விடைகளைச் சரிபார்த்து நீதிமன்றத்துக்கு அறிவித்தனர். மூன்றாண்டுகளில் ஏறக்குறைய 3,500 பேர் பணமின்றி, வாக்குறுதியின் பேரில் விடுவிக்கப்பட்டனர். வேண்டுமென்றே வழக்குக்கு வராதிருந்தோர் நூற்றுக்கு இருவரினும் குறைவு. 1966ஆம் ஆண்டில் கூட்டரசின் பிணைச் சீர்திருத்தச் சட்டம் பிறந்தது.

இதன்பின் பல நகரங்களில் இத்தகைய அலுவலகங்கள் தோன்றின. ஆனால் ஊருக்கொரு வினாத்தாள், ஊருக்கோர் அளவுகோல் என்றிருந்தால் நீதி எங்ஙனம் ஒன்றாகும்? அலுவலர்களை ஒருங்கிணைக்க 1973ஆம் ஆண்டில் தேசியச் சங்கமொன்று அமைக்கப்பட்டது.

ஆண்டுக்கொருமுறை மாநாடு கூடிக் கலைவதால் மட்டும் ஒரு சங்கம் பயன் தந்துவிடாது. இடைப்பட்ட மாதங்களில் அதன் பணியைத் தாங்குவன உபகுழுக்களே. தத்தம் அலுவல்களுக்கிடையே நேரம் ஒதுக்கும் அங்கத்தவர்கள் அவற்றில் அமர்கின்றனர். ஒரு குழு தரநெறிகளை வரைந்து, அனுபவம் வளர வளரத் திருத்துகிறது. மற்றொன்று பயிற்சியை ஒழுங்கு செய்கிறது. வேறொன்று அலுவலரின் தகுதியைச் சோதித்துச் சான்றிதழ் வழங்கும் முறையை வகுக்கிறது. அங்கத்தவரைச் சேர்ப்பதற்கும் ஆட்கள் வேண்டும். தனியொருவராய்ப் பணிபுரியும் சிற்றூர் அலுவலருக்கு, ஐயம் எழும்போது கைகொடுப்பது இக்கூட்டுழைப்பே.

1978ஆம் ஆண்டில் இச்சங்கம் தன் தரநெறிகளை வெளியிட்டது. கூலி பெற்றுப் பிணைநிற்கும் வாணிகம் ஒழியவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. ஊதியமுள்ள தொழிலொன்றை எதிர்த்துச் சொல்லும் இத்தகைய கருத்தைத் தனி அலுவலர் கூறின் அவர் குரல் அடங்கிவிடும். பலர் கூடி ஆராய்ந்து சங்கத்தின் பெயரால் கூறின் அதற்கு வலிமையுண்டு.

முறையிட்டவரின் பாதுகாப்பும் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆபத்து விளைவிக்கக்கூடியவரை விசாரணைக்கு முன் தடுத்துவைக்கலாம் என 1987ஆம் ஆண்டில் அந்நாட்டு உயர்நீதிமன்றம் ஏற்றது. எனினும் விடுதலையே பொதுவிதி, மறியல் விதிவிலக்கு என்றும் வலியுறுத்திற்று. இவ்விரண்டையும் ஒருசேர நிறுக்கும் பொறுப்பு இவ்வலுவலர்க்கு உண்டு.

நீதிமன்றத்தில் பிணை பற்றிய விசாரணை பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். அந்தச் சில நிமிடங்கள் செம்மையாக அமைவதற்கே, மேசையைச் சுற்றி அமர்ந்து ஒவ்வொரு சொல்லையும் ஆராயும் உபகுழுக்கள் பல மாதங்கள் உழைக்கின்றன.