பெற்றோரும் ஆசிரியரும்

 

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பப் பாடுபட்டு வந்துள்ளது. அனுப்பிய பின் ஆற்ற வேண்டிய கடமை ஒன்றைப் பற்றி இன்று சில சொற்கள் கூற விழைகிறேன். பிள்ளையின் ஆசிரியரோடு பெற்றோர் பேசிப் பழகுவதே அக்கடமை.

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளில் துறைமுகத்தையும் ஆலைகளையும் நம்பி வாழ்வோர் நாம். இரவு ஷிப்டு முடித்த தந்தை உறங்கும் வேளையில் பள்ளி மணி அடிக்கிறது. பகல் பதினொரு மணிக்குப் பெற்றோர் கூட்டமென்றால், நாட்கூலிக்காரருக்கு அன்றைய கூலி போகிறது. இவற்றோடு, படிக்காதவர் என்ற கூச்சமும், பழைய அவமதிப்புகளின் நினைவும் காலைப் பின்னுக்கு இழுக்கின்றன. வராத பெற்றோரை, அக்கறையற்றவர் என ஆசிரியர் முடிவு கட்டிவிடுகிறார்.

பள்ளியை விட்டு நிற்கும் பிள்ளை ஒரே நாளில் நின்றுவிடுவதில்லை. முதலில் வாரத்தில் ஒரு நாள், பிறகு இரண்டு நாள் வராதிருக்கிறது. வராததை ஆசிரியர் அறிவார்; பெற்றோர் அறியார். காரணத்தைப் பெற்றோர் அறிவார், ஆசிரியர் அறியார். இந்த மௌனத்தின் விலையைப் பிள்ளையன்றோ கொடுக்கிறது!

அண்ணல் அம்பேத்கர் பள்ளித் தேர்வு ஒன்றில் வென்றபோது, சமூகப் பெரியோர் பாராட்டுக் கூட்டம் நடத்த விரும்பினர். பையனுக்குத் தலைக்கனம் ஏறிவிடும் என்று தந்தை ராம்ஜி மறுத்தார். பெரியோர் சோர்ந்துவிடவில்லை. தந்தையின் நண்பரும் ஆசிரியருமான கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கரிடம் சென்றனர். அவர் தந்தையோடு பேசி இசைவித்தார். கூட்டத்திற்குத் தலைமை தாங்கினார். தாம் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்தார். பின்னர்ப் பொருள் முட்டுப்பாடு வந்தபோது, பரோடா மன்னர் சாயாஜிராவிடம் அவரை அறிமுகப்படுத்தி, மாதம் 25 ரூபாய் உதவித்தொகைக்கு வழி செய்தவரும் அவரே. அக்குடும்பத்தின் நிலையை ஓர் ஆசிரியர் அறிந்திருந்ததால் விளைந்த பயன் அது.

இன்று எவர் தயவையும் நாம் நாட வேண்டியதில்லை. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, ஆசிரியர் பெற்றோரை முறையாகச் சந்தித்து, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டுமெனப் பணிக்கிறது. 17-ஆம் பிரிவு, பிள்ளையை அடிப்பதையும் மனத்தைத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. 21-ஆம் பிரிவின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். குழுவில் பாதிப்பேர் பெண்கள். நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு விகிதப்படி இடம் உண்டு.

எனவே, பெற்றோர்களே! குறை எதுவும் எழுமுன், கல்வியாண்டின் முதல் மாதத்திலேயே ஆசிரியரைக் காணுங்கள். பிள்ளை ஒழுங்காக வருகிறதா, தானே படிக்கிறதா, எதில் தடுமாறுகிறது என்று கேளுங்கள். உங்கள் வேலை நேரத்தையும், வீட்டில் படிக்க இடமுண்டா என்பதையும், பிள்ளையின் உடல்நிலையையும் மறைக்காமல் கூறுங்கள். கூட்ட நேரம் ஒத்துவராவிடில் வேறு நேரம் கேளுங்கள். பிள்ளையின் எதிரில் ஆசிரியரைப் பழிக்காதீர்கள். ஆனால், அடியோ சாதி இழிவோ நேர்ந்தால் பொறுத்துக்கொள்ளவும் வேண்டாம். நடந்ததை நாளோடு எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுத்து, அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

இளைஞர்களே! எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்கு மதிப்பெண் அட்டையைப் படித்துச் சொல்லுங்கள். விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். முதல் முறை பள்ளிக்குச் செல்லும் தாயோடு துணைக்குச் செல்லுங்கள். ஆயினும், ஆசிரியரிடம் அந்தத் தாயே பேசட்டும். தம் பிள்ளைக்காக ஒரு முறை வாய் திறந்தவர், மறுமுறை துணையின்றியே செல்வார். கேளுஸ்கரைத் தேடிச் சென்ற பெரியோர் செய்த பணி அன்று ஒரு மாணவருக்குப் பயன்பட்டது. நம் தெருவில் அதை ஒவ்வொரு பிள்ளைக்கும் நாம் செய்வோமாக.